கள்வன் என்னும் பெயர்



பத்தாண்டுகளாகச் சொல்லின் சுவையையும் பொருளையும் ஆய்ந்து வரும் ஓர் இலக்கிய வட்டத்தின் முன் கணினி விளையாட்டு ஒன்றைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்ற ஐயம் சிலருக்கு எழக்கூடும். எடுத்துக்கொண்டது விளையாட்டே எனினும், அதில் பறந்து திரியும் ஒரு பேருருப் பறவையும் அதற்கு மாந்தர் இட்ட பெயர்களுமே இவ்வுரையின் பொருள். ஒரே உயிரை ஒரு மக்கள் அதன் குரலால் அழைத்தனர். அறிவியலார் முதுமுனிவனின் பெயரால் அழைத்தனர். ஆடு வளர்ப்போர் கொலைஞன் என்றனர். விளையாடுவோர் கள்வன் என்கின்றனர். இப்பெயர்களுள் ஒன்று மட்டும் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பறவைகளின் உயிரைக் குடித்தது. பெயரிடுவதையே பணியாகக் கொண்ட கவிஞர்கள் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

'டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ்' என்பது அவ்விளையாட்டின் பெயர். தமிழில் குள்ளர் கோட்டை எனலாம். அமெரிக்காவைச் சேர்ந்த டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்னும் உடன்பிறந்தார் இருவர் இதனை 2002ஆம் ஆண்டில் உருவாக்கத் தொடங்கி, 2006ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் முதன்முதலாக வெளியிட்டனர். மூத்தவரோடு சேர்ந்து கதைகளைப் புனைந்த டார்ன் ஆடம்ஸ் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்; பல்கலைக்கழகப் பணியை விட்டுவிட்டு இவ்வாக்கத்திற்கே தம்மை ஒப்படைத்தவர். நியூயார்க் நகரத்து நவீனக் கலை அருங்காட்சியகம் 2012ஆம் ஆண்டில் கணினி விளையாட்டுகளையும் கலைப் படைப்புகளாகக் கருதித் தன் தொகுப்பில் சேர்க்கத் தொடங்கியபோது, முதலில் தெரிவு செய்த 14 விளையாட்டுகளுள் இதுவும் ஒன்று.

கவிஞர்கள் கருதத்தக்க சிறப்பு ஒன்றும் இதற்கு உண்டு. 2022ஆம் ஆண்டு டிசம்பரில் ஓவியங்களோடு கூடிய பதிப்பு வெளிவந்தது. அதற்கு முன்னர், இவ்விளையாட்டின் உலகம் முழுவதும் எழுத்துகளாலும் குறிகளாலுமே திரையில் காட்டப்பட்டது. நாய்க்கு ஓர் எழுத்து. யானைக்கு ஓர் எழுத்து. மலையும் மரமும் ஆறும் குறிகள். ஆடுவோர் அவ்வெழுத்தைக் கண்டு யானையைத் தம் உள்ளத்தில் எழுப்பிக்கொண்டனர். எழுத்தைக் கண்டு உலகைக் காண்பது இலக்கியம் பயில்வோர்க்குப் புதிதன்று.

ஆட்டத்தின் தொடக்கத்தில் ஏழு குள்ளர்கள் ஒரு வண்டிப் பண்டங்களுடன் ஆளற்ற நிலம் ஒன்றில் வந்து இறங்குவர். மலையைக் குடைந்து கோட்டை அமைக்க வேண்டும், பயிரிட வேண்டும், மது வடிக்க வேண்டும், பகையை எதிர்கொள்ள வேண்டும். ஆடுபவர் குள்ளர் எவரையும் தம் கையால் நகர்த்துவதில்லை. இன்ன இடத்தைத் தோண்டுக, இன்ன பொருளைச் செய்க எனப் பணிக்கலாம், அவ்வளவே. ஒவ்வொரு குள்ளனுக்கும் தனித்தனி விருப்பும் வெறுப்பும் துயரும் நினைவும் உண்டு. வெற்றி என்று ஒரு முடிவும் இவ்விளையாட்டில் இல்லை. கோட்டை என்றேனும் ஒருநாள் அழியும். தோற்பதும் களிப்பே என்பது இதனை ஆடுவோரிடையே வழங்கும் முதுமொழி.

இக்கோட்டைகளுக்கு வரும் பகைகள் பல. நெருப்பு உமிழும் பறவை நாகம் உண்டு. நிலத்தடி ஆழத்திலிருந்து எழும் பெயரறியாப் பூதங்கள் உண்டு. இவற்றிடம் தோற்றவர் அத்தோல்வியைப் பெருமையோடு சொல்லிக் கொள்வர். ஆடுவோர் பல்லைக் கடித்துக்கொண்டு பேசும் உயிரோ வேறு: கீயா என்னும் மலைக்கிளி. விளையாட்டின் நிலப்பகுதிகளுள் சில அமைதியானவை. சில காட்டுத்தன்மை மிக்கவை. காட்டுத்தன்மை மிக்க இடங்களில் இயற்கை விலங்குகளின் பேருருவங்கள் உலவும். அங்கே திரிவதுதான் பேருருக் கீயா.

அது வரும்போது நிகழ்வது இது. குள்ளர்கள் பண்டங்களை வண்டியிலிருந்து இறக்கி மலைக்குள் கொண்டு செல்லும் முன்னரே வானிலிருந்து கூட்டமாக வந்து இறங்கும். சுமை எடுக்க வந்த குள்ளன் அதனைக் கண்டு கைப்பணியைக் கைவிட்டு ஓடுவான். பணி தடைப்பட்டது, பணி தடைப்பட்டது என்ற அறிவிப்பு திரையில் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். வாளும் கோடரியும் ஏந்திய காவலர் தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பர். பறவை ஒரு பொருளைப் பற்றி எடுத்துக்கொண்டு நிலத்தின் எல்லையைக் கடந்துவிடும். எல்லையைக் கடந்த பொருள் கோட்டைக்கு மீளாது. இன்ன பொருளைப் பறவை களவாடிச் சென்றது என்ற ஒரு வரி மட்டும் எஞ்சும்.

எடுத்துச் சென்ற பொருளால் அதற்குப் பயன் ஏதும் இல்லை என்பதுதான் ஆடுவோரை மிகவும் வருத்துவது. ஓநாய் ஆட்டைக் கவர்ந்தால் பசி என்று கொள்ளலாம்; பகையரசன் பொன்னைக் கவர்ந்தால் பேராசை என்று கொள்ளலாம். குள்ளர்க்கென்று தைத்த சிறு மேலாடை ஒன்று பேருருக் கிளிக்கு எதற்கு? காரணம் அறிய முடியாத இழப்பு காரணம் அறிந்த இழப்பினும் கொடிதாகத் தோன்றுகிறது. அக்காரணமின்மையைப் பொறுக்கமாட்டாத மனம் கள்வன் என்ற சொல்லை நாடுகிறது. அச்சொல் கிடைத்ததும் இழப்புக்கு ஒரு காரணமும், சினத்துக்கு ஓர் இலக்கும் ஒருங்கே கிடைத்துவிடுகின்றன.

இனி, ஆக்கியோர் தாமே எழுதி வைத்த குறிப்பைப் பார்க்கலாம். இவ்விளையாட்டில் வாழும் உயிர்களின் இயல்புகள் எவரும் திறந்து படிக்கத்தக்க எளிய எழுத்துக் கோப்புகளில் உள்ளன. கோபோல்டு எனப்படும் சிறு பூத இனம் ஒன்று உண்டு. கோட்டைக்குள் மறைந்து நுழைந்து பொருளைக் கவர்வது அதன் தொழில். அவ்வினத்தின் குறிப்பில் 'பொருட்கள்வர்' என்று பொருள்படும் சொல்லே இடப்பட்டுள்ளது. குழந்தைகளைக் கவர்ந்து செல்லும் காப்லின் இனத்தின் குறிப்பில் அச்செயலைக் குறிக்கும் சொல் உள்ளது. கீயாவின் குறிப்பிலோ கள்வன் என்ற சொல் இல்லை. 'பொருள்மேல் ஆவல் கொண்ட விலங்கு' என்பதே அதன் பொருள். வேறு சில விலங்குகளுக்கு உணவின்மேல் ஆவல். வேறு சிலவற்றுக்கு மதுவின்மேல் ஆவல். ஆக, சிந்தித்துச் சூழ்ந்து கவர்வோர்க்கு ஒரு சொல்லும், ஆவலால் எடுப்பனவற்றுக்கு வேறொரு சொல்லும் கோப்பில் உள்ளன. திரையின் அறிவிப்பிலோ எல்லாம் களவாகிவிடுகிறது. உள்ளே ஆவல், வெளியே களவு. ஒரே நிகழ்ச்சியின் இரு பெயர்களுக்கும் இடையிலான இத்தொலைவே கருதிப் பார்க்கத்தக்கது.

கீயா கற்பனைப் பறவையன்று. நியூசிலாந்தின் தென்தீவில், பனி படரும் மலைகளில் வாழும் கிளி அது. உயர்மலை வாழ்வுக்குரிய கிளி உலகில் இது ஒன்றே என்பர். உடல் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் நீளம். எடை ஒரு கிலோகிராம் அளவு. ஆலிவ் பச்சை நிறம்; சிறகை விரித்தால் மட்டும் உட்புறத்துச் செம்மஞ்சள் சுடர்விடும். நீண்டு வளைந்த மேலலகு. அத்தீவின் பழங்குடியினரான மாவோரி மக்கள் இப்பறவைக்கு இட்ட பெயரே கீயா. மலையிடுக்குகளில் அது எழுப்பும் குரல் அதுவே. காக்கையின் பெயரில் காக்கையின் குரல் ஒலிப்பது போலவே இப்பெயரில் இப்பறவையின் குரல் ஒலிக்கிறது. பறவை தானே சொன்னதை மனிதன் திருப்பிச் சொன்னான். தன் கருத்து எதையும் சேர்க்கவில்லை.

1856ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் பறவையியலார் ஜான் கூல்டு இதனை அறிவியல் உலகிற்கு விளக்கினார். 'நெஸ்டர் நொட்டாபிலிஸ்' என்பது அறிவியற்பெயர். ஹோமரின் காப்பியத்தில் அறிவுரை கூறும் முதிய வேந்தனின் பெயர் நெஸ்டர். குறிப்பிடத்தக்கது என்பது இலத்தீன் அடைமொழியின் பொருள். குரலாக இருந்த பறவை இங்ஙனம் ஏட்டில் முதுமுனிவன் ஆயிற்று.

அப்பெயர் ஏட்டிலேயே நின்றது. குடியேறிய ஐரோப்பியர் தென்தீவின் மலைச்சரிவுகளில் ஆட்டுப் பண்ணைகளை அமைத்தனர். 1860களின் இறுதியில் ஆடுகளின் முதுகில் காயங்கள் காணப்பட்டன. கீயா ஆட்டின் முதுகில் அமர்ந்து தோலைக் கிழித்துக் கொழுப்பைக் கொத்துகிறது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. காயத்தின் வழியே நச்சுக் கிருமி குருதியில் கலந்து ஆடுகள் மாண்டன. கொலைஞன் என்ற பெயர் பரவியது. பறவையின் தலைக்கு விலை வைக்கப்பட்டது. அலகைக் கொண்டுவந்து காட்டினால் பணம். ஏறத்தாழ நூறாண்டுக் காலம் நீடித்த இவ்வேட்டையில் கொல்லப்பட்ட பறவைகள் ஏறக்குறைய 1,50,000 என மதிப்பிடப்படுகிறது.

குற்றச்சாட்டு முற்றிலும் பொய்யன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். கீயா ஆட்டைக் கொத்துமா கொத்தாதா என்று பல்லாண்டுகள் வழக்காடினர். 1990களின் தொடக்கத்தில் இரவில் எடுக்கப்பட்ட காட்சிப்பதிவு அவ்வழக்கை முடித்தது. கொத்துவது உண்மை. எல்லாக் கீயாக்களும் கொத்துவதில்லை என்பதும் உண்மை. ஆயினும் பணம் பெற வந்த அலகுகளுள் ஆட்டைக் கொத்திய அலகு எது, மலைப்பூவின் தேனை மட்டும் சுவைத்த அலகு எது என்று எவரும் கேட்கவில்லை. செயலுக்குத் தண்டனை என்றால் செய்தவனைத் தேட வேண்டும். பெயருக்குத் தண்டனை என்றால் தேட வேண்டியதில்லை. பெயர் கொண்ட எல்லாரும் குற்றவாளிகளே.

தமிழிலக்கியம் பயின்றோர்க்குக் கள்வன் என்ற சொல்லின் கூர்மை புதிதன்று. சிலம்பு விற்க மதுரைக்கு வந்த கோவலனை ஒரு பொற்கொல்லன் கள்வன் என்றான். அரசன் தேர்ந்து ஆராயவில்லை. வாள் பாய்ந்தது. கண்ணகியின் சிலம்பில் இருந்த பரல் மாணிக்கம், அரசியின் சிலம்பில் இருந்தது முத்து என்ற எளிய உண்மை கொலைக்குப் பின்னரே வெளிப்பட்டது. அப்போது அரசன் அப்பெயரைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு உயிர் துறந்தான். கோவலன் களவு செய்யாதவன். கீயாவோ ஆட்டைக் கொத்தியது. இவ்வேறுபாடு சிறிதன்று. ஆனால் ஒன்றில் இரண்டும் ஒக்கும். சிலம்பை உடைத்துப் பார்க்கும் முன்னரே சொல் தீர்ப்பாகிவிட்டது. மலையிலோ சிலம்பை உடைத்துப் பார்க்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

1970இல் இப்பறவைக்குச் சட்டத்தின் காப்பு ஓரளவு கிடைத்தது. 1986இல் முழுக் காப்பு கிடைத்தது. அதற்குப் பின் மனிதர் அதனைச் சுடுவதை விட்டு உற்றுப் பார்க்கத் தொடங்கினர். 2017இல் வெளியான ஓர் ஆய்வு, கீயா விளையாடும்போது எழுப்பும் ஒருவகைக் குரலைப் பதிவு செய்து ஒலிக்கச் செய்தால் கேட்கும் பிற கீயாக்களும் விளையாடத் தொடங்குகின்றன என்று காட்டியது. ஒருவர் சிரிப்பு மற்றவர்க்குத் தொற்றுவது போன்றது அது. 2020இல் வெளியான மற்றோர் ஆய்வில், இரு கலங்களுள் எதில் பரிசுக்குரிய வில்லைகள் விகிதத்தில் மிகுதியோ அதிலிருந்து எடுத்த கையைக் கீயா தேர்ந்தது. கிறைஸ்ட்சர்ச் நகரத்து விலங்குக் காப்பகம் ஒன்றில் மேலலகை இழந்த கீயா ஒன்று வாழ்கிறது. சிறு கூழாங்கல்லை நாவுக்கும் கீழலகுக்கும் இடையில் பற்றிக்கொண்டு அது தன் இறகைக் கோதுவதை 2021இல் ஆய்வாளர் எழுதினர். ஏட்டில் வைத்த முதுமுனிவன் என்ற பெயர் அவ்வளவு பொருந்தாததும் அன்று.

பொருள் எடுக்கும் வழக்கத்தை அது விட்டுவிடவில்லை. மலைச்சாலையில் நிற்கும் வண்டிகளின் இரப்பர்ப் பட்டைகளைப் பிய்க்கும். 2009இல் மில்ஃபோர்டு சவுண்டுப் பகுதியில் பேருந்தின் பெட்டிகளுக்கிடையே இருந்த ஒரு வெளிநாட்டுப் பயணியின் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு புதருக்குள் சென்றது. ஹோமர் சுரங்கச் சாலையில் தொழிலாளர் வைத்த கூம்புகளை நகர்த்தி வைத்தது. சாலைத் துறையினர் துப்பாக்கியைத் தேடவில்லை. சாலையோரத்தில் கீயாக்கள் ஏறி இறங்கி விளையாட ஒரு விளையாட்டுக் களம் அமைத்தனர். ஆவல் என்ற சொல்லை ஏற்றுக்கொண்டவர் செய்யக்கூடிய செயல் அது. கள்வன் என்ற சொல்லைப் பற்றியவர்க்கு அது தோன்றியிராது.

ஆவலுக்கும் விலை உண்டு. மலைக்குடில்களின் பழைய கூரைகளில் ஈயத் தலை கொண்ட ஆணிகளும் ஈயத் தகடுகளும் உள்ளன. ஈயம் இனிப்பானது, கீயா அதனைக் கடித்துச் சுவைக்கிறது, நஞ்சேறி மடிகிறது. நிலத்தில் அமைந்த அதன் கூடுகளை, மனிதர் கொண்டுவந்து விட்ட ஸ்டோட் என்னும் கீரி போன்ற விலங்கு அழிக்கிறது. இன்று எஞ்சியிருப்பவை 3,000 முதல் 7,000 வரை என மதிப்பிடுகின்றனர். மனிதன் உடைமையைப் பறவை எடுத்தது என்று எழுதப்பட்ட கணக்கின் மறுபக்கத்தில், பறவையின் மலையை மனிதன் எடுத்தான் என்ற வரி எழுதப்படவேயில்லை.

அணியிலக்கணம் இப்பெயர்களை வகைப்படுத்த உதவும். ஒரு பொருளின் இயல்பை உள்ளவாறே கூறுவது தன்மை நவிற்சி. குரலையே பெயராக்கிய மாவோரி மக்கள் செய்தது அது. உள்ளதை மிகுத்துக் கூறுவது உயர்வு நவிற்சி. ஒரு கிலோகிராம் எடையுள்ள கிளியைக் குள்ளரை அஞ்சி ஓடச் செய்யும் பேருருவாக்கிய விளையாட்டு செய்தது அது. இயல்பாக நிகழும் ஒன்றின்மேல் கூறுவோன் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது தற்குறிப்பேற்றம். காற்றில் ஆடிய மதுரைக் கொடிகள், வாராதே என்று கோவலனைக் கைகாட்டித் தடுத்ததாக இளங்கோவடிகள் கண்டது அது. ஆவலால் எடுத்த பறவையைக் கள்வன் என்பதும் அதே அணிதான்.

ஆனால் இரண்டுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. கொடி கைகாட்டியது என்பது தற்குறிப்பேற்றம் என்பதைக் கவிஞர் அறிவார், கேட்போரும் அறிவர். அணி அணியாகவே நிற்கிறது. அதனால் எந்தக் கொடியும் வெட்டப்படவில்லை. ஆட்டுப் பண்ணையில் வழங்கிய சொல்லோ அணி என்பதை மறந்துவிட்டது. கொலைஞன், கள்வன் என்பவை வழக்குமன்றத்துக்குரிய சொற்கள். உடைமை இன்னது, பிறன் இன்னான் என்று அறிந்தும் கவரும் மனத்திற்குரியவை. எல்லைக்கல் அறியாத உயிர்மேல் அவற்றை ஏற்றியது மனிதன். ஏற்றியதை மறந்து, அது பறவையினிடத்திலேயே இருந்ததாக நம்பியபோதுதான் அலகுக்குப் பணம் என்ற நிலை வந்தது.

இதனால் கவிஞர் தற்குறிப்பேற்றத்தைக் கைவிட வேண்டும் என்பதன்று. கைவிட்டால் கவிதையில் பாதி போய்விடும். பாட்டி சுட்ட வடையைத் திருடிய காக்கையை இழந்து எந்தத் தமிழ்க் குழந்தையும் வளர வேண்டியதில்லை. வேண்டுவது, ஏற்றிய கை தன்னுடையது என்ற நினைவு ஒன்றே. விலங்கைக் குறித்து மட்டுமன்று. ஒரு தெருவை, ஒரு குலத்தை, பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் வந்தவர்களைக் குறித்து ஒரே சொல்லால் எழுத நேரும்போதும் அந்த நினைவு வேண்டும். அலகுகளை எண்ணிப் பணம் கொடுப்பவர் கவிஞர் அல்லர். ஆனால் அவருக்கு வேண்டிய சொல்லை முன்னதாகவே செய்து கொடுத்தவர் எவரோ இருந்திருக்க வேண்டும்.

விளையாட்டில் தேர்ந்தவர்கள் பேருருக் கீயாவைக் கையாளும் முறை எளியது. வண்டி வந்து நின்றதும் முதல் வேலையாக மலையில் ஓர் அறை குடைந்து பண்டங்களை உள்ளே சேர்த்துக் கதவை அடைப்பர். வெளியே எடுப்பதற்கு ஒன்றும் இராது. பறவை வரும், சுற்றும், போய்விடும். நியூசிலாந்தின் மலைகளிலும் இன்று குடில் குடிலாக ஏறிப் பழைய ஈய ஆணிகளைக் களைந்து வேறு ஆணிகளை அறைந்து வருகின்றனர். பறவையைத் திருத்தும் முயற்சி இரண்டிலும் இல்லை. தம் பொருளைத் தாம் பேணிக்கொள்வதும், தம் பொருளால் பிற உயிர் மடியாமல் பார்த்துக்கொள்வதுமே உள்ளன.

சொல்லும் கவிஞரின் உடைமையே. அதனையும் அவ்வாறே பேணுதல் வேண்டும். பத்தாண்டு நிறைவெய்திய இவ்வட்டம் இனிவரும் ஆண்டுகளில் செய்யும் பணிகளுள் அதுவும் ஒன்றாக அமைவதாகுக.